சுமை ஏறும்போது

புனேயின் கோத்ரூட் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்த் தம்பதி ஒன்று, தம் வைப்பு நிதியில் ஒரு பங்கை எடுத்துப் பழைய டெம்போ டிராவலர் வண்டி ஒன்றை வாங்கியபோது, பிள்ளைகள் அதை முதுமையின் விளையாட்டு என்றே எண்ணினர். மனைவி 31 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர். கணவர் வங்கி அலுவலர். இருக்கைகளை அகற்றி, படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்தி, அந்த வண்டியிலேயே உறங்கி எழுந்து புஜ் நகர் வரை சென்று திரும்ப வேண்டும் என்பது அவர்கள் திட்டம். போக மட்டும் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர்.

"ரயில் இருக்கிறது, விமானம் இருக்கிறது, நல்ல விடுதிகளும் இருக்கின்றன. அப்புறம் எதற்கு இந்த வண்டி?" என்று மகன் கேட்டதற்கு ஆசிரியை விடை சொல்லவில்லை. விடை கணவருடையது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ சொல்லும் வழக்கமில்லாதவர்.

1990களில் அவர் புஜ் கிளையில் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் புனேக்கு மாற்றலாகியது. தாம் காலி செய்த அடுக்குமாடி வீட்டின் சாவியை, வீடு தேடிக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவரிடம் தம் கையாலேயே கொடுத்தார். தண்ணீர் வரும் நேரம், பால்காரரின் கணக்கு, எந்தச் சன்னல் சரியாகச் சாத்தாது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 2001ஆம் ஆண்டு சனவரி 26, குடியரசு நாள் காலை 8.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. அந்தக் கட்டடம் நிற்கவில்லை. அதன் பிறகு அவர் புஜ் நகருக்குப் போகவேயில்லை. பணி ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள் உணவு மேசையில், முன்பின் தொடர்பில்லாமல், "ஒரு தரம் போய் வரணும். ஆனா அந்த ஊர்ல கான்கிரீட் கூரைக்குக் கீழ எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவ்வளவுதான். வண்டி வாங்கும் முடிவு அந்த மேசையில் பிறந்தது.

பழைய வண்டியை வீடாக்குவது எடையையும் காற்றையும் மின்சாரத்தையும் கணக்கிடும் வேலை. 80 லிட்டர் நீர் என்றால் 80 கிலோ எடை. ட்யூபுலர் பேட்டரி மேலும் ஐம்பது கிலோவுக்கு மேல். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். திருப்பங்களில் அந்தச் சாய்வு ஆபத்தாகும். எனவே அச்சுக்கு அருகில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டையும் பொருத்தச் செய்தார் ஆசிரியை. 5 கிலோ சமையல் எரிவாயு உருளை வைக்கும் அறைக்குத் தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துளை. பேட்டரிப் பெட்டிக்கு உச்சியில் துளை. கசிந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழே படியும். பேட்டரி மின்னேற்றம் பெறும்போது வெளிவரும் ஹைட்ரஜனோ மேலெழும். பட்டறைக்காரருக்கு இந்த நுணுக்கம் வியப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கோரும் ஒப்புதலுக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு நான்கு முறை நடந்தவர் கணவர்.

எல்லாவற்றிலும் முதன்மையானது குளிர்பெட்டி. கணவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. நாள்தோறும் இருவேளை இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் காக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், வெம்மையில் கிடந்தாலும் கெடும். கெட்டதைக் கண்ணால் அறிந்துவிட முடியாது என்பதுதான் அதன் கொடுமை. வீரியம் குன்றிய தெளிந்த இன்சுலின் நல்ல இன்சுலினைப் போலவே தெளிந்திருக்கும். இரத்தச் சர்க்கரை ஏறிய பிறகே உண்மை தெரியவரும்.

ஆசிரியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கிட்டார். குளிர்பெட்டி 45 வாட். நாளில் பாதி நேரம் ஓடும் என்றால் 540 வாட்-மணி. மின்விசிறிக்கு 160, விளக்குகளுக்கு 75, கைபேசிகளுக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் 40. ஆக 815. பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும் என்பதால் 900 வாட்-மணி மட்டுமே கையிருப்பு. கூரைமேல் 200 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் 600 முதல் 700 வரை தரும். குறைவது வண்டி ஓடும்போது என்ஜினிலிருந்து கிடைத்துவிடும். கணக்கு நேராகவே இருந்தது.

அக்டோபரில், சோதனைப் பயணமாகத் தாம்ஹினி மலைப்பாதையில் இறங்கிக் கொங்கணக் கடற்கரையில் ஓர் இரவு தங்கினார்கள். மாலைவரை குளிர்பெட்டி 5 பாகை காட்டியது. விடிந்து பார்த்தபோது 19. இரவு பத்து மணி அளவில் பெட்டி தானாக நின்றுபோயிருந்தது. காலை வெயில் ஏறிய பின் எதுவுமே நடவாததுபோல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சில மணி நேரத்து 19 பாகையால் இன்சுலின் பாழாகிவிடாது. ஆனால் ஒவ்வோர் இரவும் இப்படி நேர்ந்தால் என்னவாகும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கணவர் கடலைப் பார்த்தபடி, "வித்துடலாம்மா. இதுவே ஒரு சமிக்ஞைதான்" என்றார். வண்டியை விற்கும் எண்ணம் மட்டும் அதில் இல்லை, புஜ் நகருக்குப் போகாமலிருக்க ஒரு காரணமும் கிடைத்துவிட்டது என்று ஆசிரியைக்குப் புரிந்தது.

புனே திரும்பியதும் அலைச்சல் தொடங்கியது. பட்டறையில் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி முனையில் அளந்தார்கள்: 12.4. குளிர்பெட்டியின் முனையில் அளந்தார்கள்: அதே 12.4. "ஒயரிங் சரியாக இருக்கிறது, பெட்டியில்தான் கோளாறு" என்றார்கள். பெட்டி விற்றவர் அதைத் தம் கடையில் ஓர் இரவு முழுக்க ஓட்டிக் காட்டி, "பேட்டரியை மாற்றுங்கள்" என்றார். பேட்டரிக் கடைக்காரர் சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்து, "புதிய பேட்டரி அம்மா, குறையே இல்லை" என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பொருள் நன்றாகவே இருந்தது. பட்டறைப் பையன் ஒருவன் குறுக்குவழி ஒன்றைச் சொன்னான்: பேட்டரி வெறுமையாகாமல் காக்க, மின்னழுத்தம் 11.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானாக நிற்குமாறு அமைப்பு உள்ளது. அந்த எல்லையைக் குறைத்துவிட்டால் போதும். ஆசிரியை மறுத்தார். எச்சரிக்கை மணி அடிக்கிறது என்பதற்காக மணியைக் கழற்றுவது தீர்வாகாது.

அன்றிரவு வீட்டு வாசலில் நிறுத்திய வண்டிக்குள் இருவரும் அமர்ந்தனர். கணவர் பேட்டரியருகே ஒரு மீட்டருடனும், ஆசிரியை குளிர்பெட்டியருகே இன்னொன்றுடனும். பெட்டி ஓய்ந்திருந்தபோது இரு முனைகளிலும் 12.3. சில நிமிடங்களில் கம்ப்ரசர் உறுமித் தொடங்கியது. "உங்க பக்கம் எவ்வளவுங்க?" என்றார் ஆசிரியை. "பன்னெண்டு மூணு. அசையல." அவர் கையிலிருந்த மீட்டரிலோ எண் ஒரு கணம் 10.7க்கு வீழ்ந்தது. பெட்டி அணைந்தது.

ஆசிரியை சிறிது நேரம் எழுந்திருக்கவில்லை. பின்னர் கைவிளக்கை எடுத்து, கூரை விளிம்பின் உள்ளே ஓடிய ஒயரை வெளியே இழுத்துப் பார்த்தார். வீட்டு விளக்குகளுக்குப் பயன்படுத்தும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரியிலிருந்து பெட்டிவரை சுற்றுவழியில் 6 மீட்டர். போக வர 12. அதன் மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம். பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர், தொடங்கும் கணத்தில் 8. எட்டை 0.2ஆல் பெருக்கினால் 1.6 வோல்ட். 12.3இலிருந்து 1.6 போக 10.7. மீட்டர் காட்டிய அதே எண். பகலில் சூரியத் தகடு மின்னேற்றும்போது பேட்டரி முனையில் 13.5 இருக்கும், 1.6 இழந்தாலும் 11.9 மிஞ்சும். ஆகவேதான் பகலில் ஓடியது, இரவில் நின்றது.

பட்டறைக்காரரைக் கவனக்குறைவானவர் என்றும் சொல்லிவிட முடியாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் 45 வாட் என்பது 0.2 ஆம்பியர்தான், இந்த ஒயர் அதைச் சிரமமின்றித் தாங்கும். 12 வோல்ட்டில் அதே 45 வாட்டுக்கு ஏறத்தாழ இருபது மடங்கு மின்னோட்டம் தேவை. வீடுகளில் பழகிய கை, வாட்டைப் பார்த்து ஒயரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் அளந்ததிலும் பிழையில்லை. அளந்த நேரம்தான் பிழை. மின்னோட்டம் இல்லாதபோது மின்னழுத்த இழப்பும் இல்லை. ஓய்ந்திருக்கும்போது அளந்தால் மெலிந்த ஒயரும் தடித்த ஒயரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சுமை ஏறும்போது அளந்தால்தான் எது மெலிந்தது என்று தெரியும்.

முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய சூத்திரம் அது. மாணவர்களின் விடைத்தாள்களில் ஆயிரக்கணக்கான முறை அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். அது இருட்டில் தம் கையருகே நிகழ்ந்து கண்டது அன்றுதான் முதல்முறை. கணவரிடம் அதை விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, வண்டியைப் பற்றிப் பேசாமல், "அந்த வீட்டுச் சாவியை நான்தாம்மா கொடுத்தேன்" என்றார். இருபத்து நான்கு ஆண்டுகளில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை. நாள்தோறும் வங்கிக்குப் போய்வந்தவர், பண்டிகைகளில் சிரித்தவர், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். ஓய்ந்திருந்த வேளைகளில் மட்டுமே அவரை எல்லோரும் அளந்திருந்தார்கள். ஆசிரியை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மீட்டரை அணைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்கினார்கள். இழப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. பேட்டரியின் நேர்முனையை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தினார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. பெட்டியருகே வைத்தால் இடைப்பட்ட ஒயர் காப்பின்றிப் போகும். பெட்டிக்குள் உறையும் தகட்டை ஒட்டாமல் இன்சுலினுக்கு ஒரு தனி டப்பா, அதில் உச்ச, தாழ் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் சிறு வெப்பமானி. அதோடு கும்பார்வாடாவில் இரண்டு மண்பானைகள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவில்; இடைவெளியில் ஈர மணல். கொங்கணத்தின் ஈரக்காற்றில் அது பெரிதாக உதவாது. கட்ச்சின் வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகி உட்பானையைக் குளிர்விக்கும். அது குளிர்பெட்டிக்கு மாற்றல்ல. பயன்பாட்டில் உள்ள இன்சுலினை, பெட்டி கைவிடும் ஒருநாளில், கடும் வெம்மையிலிருந்து காக்கும் இரண்டாவது வழி மட்டுமே. நோயுடன் பயணம் செய்பவருக்கு இரண்டாவது வழி இருந்தாக வேண்டும்.

சனவரி மூன்றாம் வாரம் புறப்பட்டார்கள். சூரத், வடோதரா, அகமதாபாத் என்று நான்கு நாள்கள், அவசரமில்லாமல். சூரஜ்பாரி பாலத்தைக் கடந்து, இருபுறமும் உப்பளங்கள் வெளுத்துக் கிடந்த சாலையில் கட்ச் மாவட்டத்துக்குள் நுழைந்தபோது ஓட்டுநர் இருக்கையில் இருந்த கணவர் வேகத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை. புஜ் நகருக்கு வெளியே, ஒரு விவசாயியிடம் அனுமதி கேட்டு அவர் தோட்டத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். இரவு குளிர் கடுமையாக இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, கம்ப்ரசர் தொடங்குவதும் ஓய்வதுமாக இருந்த ஒலியைக் கேட்டபடி கணவர் படுத்திருந்தார். நள்ளிரவுக்குப் பின் ஆசிரியை விழித்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

புஜியோ குன்றில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்மிருதிவன் நினைவிடத்தில், நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கணவர் அவற்றினூடே தனியாக நடந்தார். ஆசிரியை தொலைவில் நின்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் திரும்பி வந்தவர், "இருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு, அன்று காலை ஊசி போட்டுக்கொண்ட நேரத்தையும் அடுத்த வேளையின் நேரத்தையும் தாமாகவே நினைவுகூர்ந்து, சாப்பிடலாம் என்றார்.

அந்த இரவுக்குரிய பக்கத்தில் ஆசிரியையின் நோட்டுப் புத்தகம் இவ்வளவே சொல்கிறது: பேட்டரி முனை, பெட்டி ஓடும்போது, 12.4. பெட்டி முனை, அதே கணத்தில், 12.2. உள்ளே 4 பாகை.