தட்டிப் பார்த்தல்

வேலை முடிந்த எங்கள் வீட்டுக்குள் முதல் தடவை ஒரு பார்வையாளராகத்தான் நுழைந்தேன். வாசலில் ஒரு கூடை நிறைய நீல நிற உறைகள். ஆபரேஷன் தியேட்டரில் தருவார்களே, ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்வது, அதே மாதிரி. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு போகப் பார்த்தார். வரவேற்பில் நின்ற பெண் சிரித்தபடி ஒரு ஜோடியை நீட்டினாள்.

"நம்ம வீட்டுக்குள்ள போறதுக்கு எதுக்குத்தா இது?"

"மாட்டிக்கோங்கப்பா. இன்னும் நம்ம வீடு ஆகல."

மின்னியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் 1948-லிருந்து 'பரேட் ஆஃப் ஹோம்ஸ்' நடக்கிறது. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை. கட்டுநர்கள் புதிதாகக் கட்டிய வீடுகளைத் திறந்து வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கையேடு. பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டணம் கிடையாது. ஜனங்கள் குடும்பமாகக் காரில் கிளம்பி வீடு வீடாகப் பார்ப்பார்கள். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அடுத்தவர் சமையலறையைப் பார்த்துவிட்டு வர விரும்புகிறவர்கள். நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

திறக்கப்படும் வீடுகளில் சில ஏற்கெனவே யாருக்காகவோ கட்டப்பட்டவை. உரிமையாளர் இரவல் கொடுத்திருப்பார். எங்களுடையது அப்படி. ஒப்பந்தம் போடும்போதே கட்டுநர் கேட்டார்: செப்டம்பர் கண்காட்சிக்கு வீட்டைக் கொடுத்தால் சமையல் மேடைக்கு லேமினேட்டுக்குப் பதில் குவார்ட்ஸ், கூடுதல் பணம் வேண்டாம். நானும் கணவரும் ஒரே இரவில் சரி என்று சொல்லிவிட்டோம். அதன்பிறகு மழை, சரக்குத் தாமதம் என்று எதற்காகவும் நகராத ஒரு தேதி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கையேடு அச்சாகிவிட்டால் அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். டெமோ தேதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா நிலக்கோட்டைப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார். ஜூன் மாதம் விசிட்டர் விசாவில் வந்தார். செங்கல்லே இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகையைத் திருகி அதைச் சுவர் என்று சொல்வது ஏமாற்று வேலை மாதிரி பட்டது. அஸ்திவாரத்தை மட்டும் மதித்தார். இங்கே குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பி எழும்பும். அதனால் இந்தப் பகுதியில் அடித்தளம் 42 அங்குலம், அதாவது மூன்றரை அடியாவது கீழே போகவேண்டும். "அது நியாயம்" என்றார்.

ஜூலையில் மழை. பிறகு அலமாரிகள் வரத் தாமதம். மூன்று வார வேலை பத்து நாளுக்குள் அடைந்தது. ஜிப்சம் பலகைகளின் இணைப்பில் மூன்று பூச்சு பட்டி பார்க்கவேண்டும்; ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது, அதற்கப்புறம்தான் பெயின்ட். காய வைக்க மாடியெங்கும் பெரிய விசிறிகளை ஓடவிட்டார்கள். அதே நேரம், அதே மாடியின் குளியலறையில் ஒரு இளைஞன் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். எக்வடோர்காரன். இந்த ஊரில் கட்டட வேலையில் அவர்கள் நிறைய பேர். அவனுக்கும் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் இரண்டு சாயங்காலம் அப்பா அவனுக்கு டைல்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவன் தன் பல் வைத்த கரண்டியை அப்பாவிடம் கொடுத்து இழுக்கச் சொன்னான். கலவையில் சீப்பு போட்டது மாதிரி கோடுகள் விழுவதை அப்பா ரசித்துப் பார்த்தார். அவர் காலத்துக் கரண்டிக்குப் பல் கிடையாது.

மூன்றாம் நாள் அப்பா ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். ஷவருக்குக் கீழே ஒன்பது டைல்களில் சத்தம் மாறியது. உள்ளே பொள்ளல். ஈரம் படுகிற இடத்தில் டைலின் பின்பக்கம் 95 சதவீதமாவது கலவை பிடித்திருக்கவேண்டும் என்பது இங்கே விதி. அன்று இரவே கட்டுநருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அலுவலகத்தில் பிழை அறிக்கை எழுதுகிற அதே ஒழுங்கோடு: புகைப்படம், எந்த வரிசை, எத்தனையாவது டைல், எதிர்பார்த்தது என்ன, இருப்பது என்ன. காரணம் என்ற இடத்தில் 'டைல்ஸ் பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அனுப்பியபின் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுநாள் வேறு ஆள் வந்து அந்த ஒன்பதையும் பெயர்த்து ஒட்டினார். "அந்தப் பையன் எங்க?" என்று அப்பா கேட்டார். மேற்பார்வையாளரிடம் விசாரித்தேன். அந்த ஆளை அனுப்பிவிட்டார்களாம், அந்தக் குளியலறைக்கான கூலியும் இல்லையாம். அவர் இதை எனக்கு ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது ஃபேன் காத்துத்தா" என்றார்.

"என்னப்பா?"

"கலவைய இழுத்துட்டு அவன் டைல எடுத்து வைக்கிறதுக்குள்ள காத்து மேலாக்க ஏடு கட்ட வச்சிரும். ஏடு கட்டுனா ஒட்டாது. பெயின்ட்டுக்குப் போட்ட ஃபேன். ரெண்டு வேலையையும் ஒரே நாள்ல போட்டது யாரு? அவனா?"

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லப்பா."

"நீ கேக்கலயேத்தா. எழுதி அனுப்பிட்டுத்தான வந்து சொன்ன."

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால் பிறகு உட்கார்ந்து ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். அதில் யார் மீதும் பழி போடக்கூடாது என்பது முதல் விதி. ஒருவர் தவறான கட்டளையைத் தட்டினார் என்பது காரணம் ஆகாது. அப்படித் தட்ட முடிகிற நிலையை உண்டாக்கியது எது என்று தேடவேண்டும். இந்த விதியைப் புதியவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். என் சொந்த வீட்டில், எனக்கு இ-மெயில் எழுத முடியாத ஒருவன் விஷயத்தில், அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்தத் தேதிக்குச் சம்மதித்தவர்களில் நானும் ஒருத்தி. குவார்ட்ஸ் கல்லுக்காக.

கண்காட்சியின்போது வீடு அழகாக இருந்தது. எல்லாம் வாடகைச் சாமான்கள். விளக்கு வைக்க நான் கேட்டுச் செய்த மாடத்தில் காபி மெஷின் இருந்தது. மாடிக் குளியலறையில் ஒரு அம்மாள் அந்தச் சுவரைத் தடவி, மகளிடம் இதே மாதிரி நமக்கும் வேண்டும் என்றாள். அப்பா அவர்கள் போகும்வரை காத்திருந்து விரல் முட்டியால் தட்டினார். கெட்டியான சத்தம். கீழே இறங்கும்போது முகப்பு மேசையில் இருந்த பலகையைப் படித்துக் காட்டச் சொன்னார். கட்டுநர், உள்ளலங்காரம் செய்தவர், விளக்குக் கடை, மேசை நாற்காலி கொடுத்த கடை. "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபரில் பால் காய்ச்சினோம். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது பூச்சு வேலையே ஆரம்பித்திருக்கவில்லை. நான் காலேஜ் போகும்வரை வெளிச்சுவர் செங்கல்லாகவே நின்றது. அடுத்தவர் வீடுகளைப் பூசிவிட்டு அப்பா அந்தச் சுவருக்குத்தான் திரும்புவார். அவரும் ஒருமுறை கிரகப்பிரவேச அவசரத்தில் பூசிய சுவருக்காகக் கூலி பிடித்தம் ஆனவர் என்பதை ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள்தான் சொன்னார்.

ஜனவரியில் வீடு பேச ஆரம்பித்தது. சட்டத்துக்கு வரும் மரத்தில் 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். ஹீட்டர் ஓடி உள்காற்று வறண்டதும் மரம் சுருங்குகிறது. சுவரில் திருகுத் தலைகள் முகப்பரு மாதிரி எழும்பின. ஆகஸ்ட் புழுக்கத்தில் போட்ட ஓக் தரையில் ஏடிஎம் கார்டு நுழையும் இடைவெளி. ராத்திரியில் எங்கிருந்தோ படீரென்று ஒரு சத்தம். அப்பாவிடம் போனில் சொன்னேன். "விடும்த்தா. இப்பத்தான காயுது" என்றார்.

மின்னசோட்டா சட்டப்படி புது வீட்டுக்கு வேலைப்பாட்டுக் குறைகளுக்கு ஒரு வருடம், குழாய், மின்சாரம், வெப்ப அமைப்புகளுக்கு இரண்டு, பெரிய கட்டுமானக் குறைகளுக்குப் பத்து வருடம் உத்தரவாதம் உண்டு. குறை தெரியவந்த ஆறு மாதத்துக்குள் எழுத்தில் பட்டியல் அனுப்பவேண்டும். அனுப்பினேன். பதினோரு விரிசல்கள், தரை, ஒரு கதவு. இந்த முறை எந்த வரியிலும் ஆள் இல்லை. கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: குளியலறைக் குறைக்குக் காரணம் பணியாளர் அல்ல, ஒரே நாளில் போடப்பட்ட இரண்டு வேலைகளும் அவற்றை அப்படிப் போடவைத்த தேதியும்தான், நான் முன்பு எழுதியது தவறு, அவருடைய கூலியைக் கொடுக்கவேண்டும், அதில் என் பங்கை நான் தருகிறேன்.

இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். பதினோரு விரிசல்களையும் பூசினார்கள், கதவைச் சரிசெய்தார்கள். கடைசிப் பத்தியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.