வாசலில் நிற்கும் வேட்பாளர்

தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சி, கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்னும் மூன்று அடுக்குகளைக் கொண்டது. இவற்றுள் நடு அடுக்குக்குத் தேர்ந்தெடுக்கப்படும் வார்டு உறுப்பினரையே ஊர் மக்கள் ஒன்றியக் கவுன்சிலர் என்று அழைக்கின்றனர். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஏறத்தாழ 5,000 மக்கள்தொகைக்கு ஒரு கவுன்சிலர் என்று கணக்கிடுவதால், அவருடைய வார்டு பெரும்பாலும் இரண்டு மூன்று ஊராட்சிகளையும் அவற்றைச் சேர்ந்த குக்கிராமங்களையும் அடக்கியதாக இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவிக்கும் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் இல்லை. கவுன்சிலர் தேர்தலோ கட்சி அடிப்படையில் நடக்கிறது. ஆயினும் சட்டமன்ற வேட்பாளரைப் போல மேடையையும் ஒலிபெருக்கியையும் மட்டும் நம்பி அவரால் வெல்ல முடியாது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே நிற்கும் ஊராட்சித் தலைவர் வேட்பாளரைப் போல, முகம் தெரிந்தவர்கள் போடும் வாக்கே போதும் என்று இருந்துவிடவும் முடியாது, ஏனெனில் வார்டில் பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் அவரை யாருக்கும் தெரியாது. எனவே வீடு வீடாக நடப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. இந்த நடையை ஓட்டுப் பிச்சை என்று ஏளனமாகப் பேசும் வழக்கம் நகரத்திலும் ஊரிலும் இருந்தாலும், ஆட்சி அமைப்பில் இடம் பெறப்போகும் ஒருவர் தம் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் ஒரு முறையேனும் நின்று, அந்த வீட்டார் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரே சந்தர்ப்பம் இதுதான் என்பதை எண்ணும்போது அந்த ஏளனம் பொருந்தாமல் போகிறது.

அந்தச் சந்தர்ப்பமும் மிகக் குறுகியது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலை எடுத்துக்கொண்டால், வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் டிசம்பர் 19. அன்று மாலைதான் இறுதி வேட்பாளர் பட்டியல் உறுதியாகி, சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கப்பட்டது. முதற்கட்ட வாக்குப்பதிவு டிசம்பர் 27ஆம் நாள் என்பதால் பிரசாரம் 25ஆம் நாள் மாலை 5 மணிக்கு ஓய்ந்தது. அதாவது, அன்று சின்னம் கிடைத்த ஒரு சுயேச்சை, அதைத் தம் வார்டு முழுவதும் பதியவைக்கக் கிடைத்த காலம் ஆறே நாட்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்று கொண்டால் 5,000 மக்கள்தொகை கொண்ட வார்டில் 1,250 வீடுகள் இருக்கும். நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேல். வீட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் நடை நேரம் நீங்கலாகப் பத்து மணி நேரம் வாசல்களிலேயே நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்திற்குள் கும்பிட்டு, பெயர் சொல்லி, சின்னத்தைக் காட்டி, நோட்டீஸ் கொடுத்து, எதிரிலிருப்பவர் தொடங்கும் பேச்சை முகம் கோணாமல் கேட்டு முடிக்க வேண்டும் என்பது, எத்தகைய பேச்சாளருக்கும் எளிதில் கைவராத திறமை.

நாளின் எல்லா மணி நேரமும் இதற்குப் பயன்படுவதில்லை என்பது இன்னொரு இடர்ப்பாடு. அந்தத் தேர்தல் மார்கழியில் வந்தது. விடிவதற்கு முன்பே பெண்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணப்பிள்ளையாரும் பூசணிப்பூவும் வைத்திருக்க, கூட்டமாக வரும் கட்சிக்காரர்கள் கோலத்தை மிதித்துவிட்டால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு சொல்லும் எந்தச் சொல்லும் எடுபடாது. இதை அறிந்த வேட்பாளர் உடன் வருபவர்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, தாம் ஒருவராகவோ அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணுடனோ கோலத்தைச் சுற்றிக்கொண்டு வாசலை நெருங்குகிறார். எட்டரை மணிக்கு மேல் வீடுகளில் கிழவர்களும் குழந்தைகளுமே எஞ்சுகின்றனர். நடுத்தர வயதினர் வயலுக்கோ, ஊரார் நூறு நாள் வேலை என்று வழங்கும் ஊரக வேலைத் திட்டப் பணியிடத்திற்கோ போய்விடுவதால், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மண்வெட்டியும் கூடையுமாக நிற்கும் பெண்களைத் தேடிப் போவதே பகல் நேரத்து வாக்குச் சேகரிப்பாக மாறுகிறது. இளைஞர்கள் திருப்பூரில், சென்னையில், கேரளத்தில், வளைகுடாவில். பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் ஊரில் இல்லாத இந்த வாக்காளர்களின் எண்ணைத் தாயிடமோ மனைவியிடமோ கேட்டு வாங்கி, வாக்குப்பதிவு நாளில் வந்துவிடும்படி கைப்பேசியில் வேண்டுவதும் வேட்பாளரின் வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.

வாசலில் கிடைக்கும் விடையைப் புரிந்துகொள்வதற்குத் தனியான பழக்கம் வேண்டும். “உனக்குப் போடாம வேற யாருக்குப்பா போடப் போறோம்” என்று சொல்லும் வீடு அதையே நான்கு வேட்பாளருக்கும் சொல்லியிருக்கும். வந்தவரின் மனம் நோக அனுப்பக் கூடாது என்னும் ஊர்ப் பண்பாடு அதற்குப் பின்னால் இருக்கிறதே ஒழிய வஞ்சகம் இல்லை. நோட்டீஸைக் கையில் வாங்கிச் சின்னத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்பவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று கொள்ளலாம். கோபப்படுபவரைத்தான் அனுபவமுள்ள கவுன்சிலர்கள் மதிக்கின்றனர். “போன தடவை ஜெயிச்சவரு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்ல, நீங்க மட்டும் வந்திருவீங்களாக்கும்” என்று பிடித்துக்கொள்ளும் மூதாட்டி, வந்தவரிடம் இன்னும் எதையோ எதிர்பார்ப்பதனால்தான் கோபிக்கிறார். எதிர்பார்ப்பு அற்றுப்போனவர்கள் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுகின்றனர்.

இந்தக் கோபத்தின் உள்ளடக்கமே இப்பொருளில் மிகுந்த கவனத்துக்குரியது. வாசலில் கேட்கப்படுவனவற்றைத் தொகுத்துப் பார்த்தால், முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, பட்டா மாறுதல் கிடைக்காதது, காலை நேரத்துப் பேருந்து ஊருக்குள் வராதது, குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருவது, தெருவிளக்கு எரியாதது, பள்ளிக் கட்டடத்தின் கூரை பெயர்ந்து விழுவது ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்நாளில் மாதம் 1,000 ரூபாயாக இருந்த முதியோர் உதவித்தொகையும் பட்டாவும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தை நாட வேண்டும். பேருந்து போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. குடிநீர் வழங்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, தெருவிளக்கு, சாக்கடை ஆகியவை கிராம ஊராட்சியின் கடமை. இவற்றையெல்லாம் கழித்தபின், ஊர்களை இணைக்கும் ஒன்றியச் சாலைகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களுமே பெரும்பாலும் ஒன்றியக்குழுவின் நேரடிப் பொறுப்பாக எஞ்சுகின்றன. அங்கும் கவுன்சிலர் கூட்டத்தில் கோரிக்கை வைத்துத் தீர்மானத்துக்கு ஆதரவு திரட்டலாமே தவிர, தாமாக ஒரு ரூபாயைக்கூட ஒதுக்க இயலாது.

வாசலில் நிற்கும் மூதாட்டிக்கு இந்தப் பிரிவினை தெரிய வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அரசு என்பது அவருக்கு ஒன்றே. அந்த நிலையில் வேட்பாளருக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. “ஜெயிச்சதும் முதல் வேலை உங்க வேலைதான், ஆயா” என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு நகர்வது எளிது, பெரும்பாலோர் செய்வதும் அதுவே. கடினமானது, “இது தாசில்தார் ஆபீஸ் வேலை, ஆயா, என்னால ஆர்டர் போட முடியாது, மனு எழுதி உங்களைக் கூட்டிக்கிட்டுப் போக முடியும்” என்று உள்ளதைச் சொல்வது. இவ்வாறு சொன்னால் வாக்கு போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஏமாற்றப்பட்டுப் பழகிய ஊரில் யாரிடம் போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் ஒருவர் தனித்துத் தெரிகிறார் என்பதும், அந்த மூதாட்டியே மறுநாள் அவர் பெயரை அக்கம்பக்கத்தில் எடுத்துச் சொல்கிறார் என்பதும் களத்தில் நடந்தவர்கள் ஒப்புக்கொள்ளக் கூடியவை. உள்ளாட்சியைக் குறித்த அறிவு மக்களுக்குப் போய்ச்சேரும் வழிகளில் இந்த மூன்று நிமிட உரையாடலைவிடச் சிறந்தது வேறு இல்லை என்று உறுதியாகவே சொல்லலாம்.

தெருக்களின் வரிசை எளிதில் பேசப்படாத பொருள். பெரும்பாலான ஊர்களில் கோயிலைச் சுற்றிய தெருக்கள் ஊர் என்றும், பட்டியல் சாதியினர் வாழும் பகுதி காலனி என்றும் பிரிந்து கிடக்க, பிரசாரம் எங்கே தொடங்குகிறது, எந்த வேளையில் காலனிக்குள் நுழைகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவற்றை இருதரப்பும் கூர்ந்து நோக்குகின்றன. ஆதிக்க சாதியைச் சேர்ந்த வேட்பாளர் காலனியின் முகப்பில் நின்று ஒலிபெருக்கியில் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினால் அது ஒரு பொருள் தரும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் சென்று பாயில் அமர்ந்து, கொடுத்த சொம்புத் தண்ணீரை வாய் வைத்துக் குடித்தால் அது வேறு பொருள் தரும். மற்ற நாட்களில் தன்னைவிட மூத்தவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அந்த ஆறு நாட்களில் அண்ணே என்றும் பெரியம்மா என்றும் அழைப்பதைக் காலனி மக்கள் கவனிக்காமல் இல்லை. இந்த மரியாதை வாக்குப்பதிவோடு முடிந்துவிடும் என்பதையும் அவர்கள் அறிவர். பட்டியல் சாதி வேட்பாளருக்கோ இதன் மறுபக்கம் காத்திருக்கிறது. தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட வார்டிலும் அவர் ஊர்த்தெருவில் எந்த வாசல் வரை போகலாம் என்பதை அங்குள்ளவர்களே வகுக்க முயல்கின்றனர். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி ஒதுக்கீட்டின் காரணமாக 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்த இயலாமல், 2006இல்தான் அது நிறைவேறியது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒருவர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சமின்றி எல்லாத் தெருக்களிலும் நடக்க முடிவதே எவ்வளவு பெரிய உரிமை என்பது விளங்கும்.

2016இல் சட்டம் திருத்தப்பட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு வாசலில் நிற்கும் முகமும் மாறியிருக்கிறது. சுவரொட்டியில் மனைவியின் படத்துக்கு அருகில் கணவரின் படம் அதைவிடப் பெரிதாக அச்சிடப்படுவதும், கும்பிடுவது மனைவியாகவும் பேசுவது கணவராகவும் இருப்பதும் இன்னும் நீங்கவில்லை. ஆனால் பெண் வேட்பாளருக்கு மட்டுமே திறக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்கள் வாசலோடு நின்றுவிட, அவர் அடுப்படி வரையிலும் கொல்லைப்புறம் வரையிலும் அழைத்துச் செல்லப்படுகிறார். தண்ணீர் இல்லாததால் விறகு அடுக்கும் இடமாகிப்போன கழிப்பறையையும், மாலையானால் டாஸ்மாக் கடையிலிருந்து திரும்பும் கணவனைப் பற்றிய அச்சத்தையும் அங்கேதான் அவரால் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. கணவர் உடன் வராத நாட்களில் இந்தப் பேச்சு இன்னும் நீளுகிறது.

பணம் கொடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றிய வார்டு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2019இல் 85,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டிருந்தது. இரவில் உறை கொடுத்துச் செல்பவர்கள் அந்த வரம்பை மீறுவதோடு, பகலில் தாங்களே வாசலில் நின்று கேட்ட குறைகளுக்கும் அந்த உறையாலேயே கணக்குத் தீர்த்துவிடுகின்றனர்.

அதைவிடப் பயனுள்ள வேலை வாக்குச்சீட்டைப் பற்றி விளக்குவது. ஊரக வாக்காளர் ஒருவர் கிராம வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நான்கு வாக்குகள் இடவேண்டும். தலைவருக்கு இளஞ்சிவப்பு, கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள் என நிறம் பிரித்துச் சீட்டு தரப்படுகிறது. முத்திரையைச் சின்னத்தின் மேல் குத்தி, மை உலராமல் தாறுமாறாக மடித்தால் அச்சு இன்னொரு சின்னத்தின் மேலும் படிந்துவிடும் என்பதால், பொறுமையுள்ள வேட்பாளர்கள் ஒரு பச்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கமாக மடித்தால் மை மற்றச் சின்னத்தைத் தொடாது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து கிழவிகளுக்குச் செய்துகாட்டுகின்றனர். மடித்துப் பார்க்கும்படி தாளை அவர்கள் கையிலேயே கொடுக்கின்றனர். வாக்கு யாருக்கு விழுந்தாலும் வீணாகாமல் இருக்க இந்தப் பாடம் உதவுகிறது.

2019இல் முதற்கட்டப் பிரசாரம் ஓய்ந்த மறுநாளான டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம் வந்ததால் ஊர்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தனர். அதுவரை ஒரு வாசல் விடாமல் நடந்தவர்களுக்கு அன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் வாக்காளர் பட்டியலை எடுத்து யார் போடுவார், யார் போடமாட்டார் என்று குறியிட்டுப் பார்ப்பதே எங்கும் வழக்கம். பட்டியலின் ஓரத்தில், எந்த வீட்டில் உதவித்தொகை நின்றது, எந்தத் தெருவில் குழாய் வறண்டது என்று எழுதி வைப்பவர் அரிது. ஜனவரி 2 முதல் எண்ணிக்கை நடந்து, 6ஆம் நாள் உறுதிமொழி ஏற்ற கவுன்சிலர்கள் 11ஆம் நாள் மறைமுகத் தேர்தலில் ஒன்றியக்குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால், வென்றவரின் கவனமெல்லாம் யார் பக்கம் நிற்பது என்பதில் போய்விட்டது. நன்றி சொல்லச் சென்றவர்களும் பெரும்பாலும் திறந்த வண்டியில் பெரிய தெருவோடு திரும்பினர். பட்டியலின் ஓரத்தில் குறித்து வைத்திருந்த சிலராலோ முதல் மாதத்திலேயே நான்கைந்து முதியவர்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகவும், கூரை பெயர்ந்த பள்ளியின் பெயரைச் சொல்லி ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து பேசவும் முடிந்தது.

அந்தத் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிவடைந்து, 2016 அக்டோபருக்குப் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்ததைப் போலவே அந்த மாவட்டங்களின் ஊராட்சிகளும் ஒன்றியங்களும் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. தனி அலுவலர் கோப்புகளைப் பார்க்கலாம், பணிகளுக்கு ஒப்புதல் தரலாம். வாக்குக் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. குழாய் வறண்ட தெருவின் பெண்கள் மனுவை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேற வேண்டியிருக்கிறது.