எச்.ஓ.டி. போட்ட கடிதம்

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர்

போன செவ்வாய்க்கிழமை மகன் படிக்கிற கல்லூரி அலுவலகத்துக்கு போன் செய்தேன். எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங், இரண்டாம் வருஷம். வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். பத்து நாளாக அவன் குரலே சரியில்லை. "சாப்பிட்டியா?" "ம்." "தூங்கினியா?" "ம்." அதற்கு மேல் பேச்சு நீளவில்லை. வகுப்புக்கு வருகிறானா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். சட்டம் இடம் தராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

ஃபெர்பா என்று பெயர் அந்தச் சட்டத்துக்கு. 1974-இல் வந்தது. பள்ளிக் காலத்தில் பிள்ளையின் மார்க்கையும் வருகைப் பதிவையும் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. அவனுக்குப் பதினெட்டு வயது ஆனாலோ, அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்தாலோ, அந்த உரிமை அவன் கைக்குப் போய்விடும். அப்புறம் அவன் எழுதிக் கொடுத்தால்தான் நமக்குச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற அவசரம் என்றால் விலக்கு உண்டு. வருமான வரிக் கணக்கில் அவனை நம்மைச் சார்ந்தவனாகக் காட்டியிருந்தால் கல்லூரி விரும்பினால் சொல்லலாம். சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. பீஸ் கட்டுகிறேன், பிள்ளை வகுப்பில் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. போனை வைத்தபோது கை நடுங்கியது.

நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். மேத்ஸில் அரியர் விழுந்து, அடுத்த செமஸ்டர் இன்டர்னலும் போனபோது ராத்திரி தூக்கமே இல்லை. மெஸ்ஸில் தட்டைக் கையில் எடுத்தாலே குமட்டும். வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. எச்.ஓ.டி.தான் அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டார். அப்பா திருச்சியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் ஹாஸ்டல் வாசலில் நின்றார். வார்டனிடம் கையெழுத்துப் போட்டு வெளியே கூட்டிப்போய், நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, தின்று முடிக்கிற வரை எதுவும் கேட்கவில்லை. கை கழுவும்போது, "ஒரு பேப்பர்தானேம்மா" என்றார். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். மறுநாளிலிருந்து பக்கத்து அறை அக்கா நாலு மணிக்கு எழுப்பி என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

இங்கே வசதிக்குக் குறைவில்லை. கல்லூரியில் மனநல ஆலோசகர் இருக்கிறார். நெருக்கடியில் கூப்பிட நாடு முழுக்க 988 என்ற எண், 2022 ஜூலையிலிருந்து. பரீட்சை வாரத்தில் பிள்ளைகள் தடவிக்கொடுக்க நூலகத்துக்கு நாய்களைக்கூட அழைத்து வருகிறார்கள். ஆனால் அத்தனைக்கும் பிள்ளை தானே எழுந்து போக வேண்டும். எழுந்திருக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு யார் கதவைத் தட்டுவது?

சனிக்கிழமை புளியோதரை, தயிர்சாதம், மாவடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவன் அறையில் திரை மூடியிருந்தது. மேசையில் ஏழு காகிதக் கோப்பைகள். ஒன்றில் மிச்சக் காபியின் மேல் பூஞ்சை பூத்திருந்தது. சர்க்யூட்ஸ் பாடத்தில் இடைத்தேர்வு கெட்டதிலிருந்து மூன்று வாரமாக அந்த வகுப்புக்கே போகவில்லையாம். ஆலோசகரிடம் நேரம் வாங்கியும் போகவில்லை.

இரண்டாவது கவளத்தில்தான் பேசினான். அந்தப் பாடத்தைக் கைவிட இன்னும் நாலு நாள் இருந்தது. விட்டால் மார்க் பட்டியலில் 'டபிள்யூ' என்று விழும், சராசரியில் சேராது, பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு ஏற்பாடு நம் ஊர்க் கல்லூரிகள் எல்லாவற்றிலும் வரவேண்டும். மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் மட்டும், 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்குவதற்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசாவுக்கே பங்கம் வரும். திங்கட்கிழமை அவன் பாடத்தை விட்டான். ஆலோசகரையும் பார்த்தான்.

இந்த நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மார்க்கையும் வருகையையும் நமக்குச் சொல்லலாம் என்று பிள்ளை எழுதிக் கொடுக்கும் சம்மதப் படிவத்தைப் பற்றி, சேர்ந்த முதல் வாரமே அவனிடமோ அவளிடமோ பேசுங்கள். பெட்டியில் ஊறுகாய் வைத்து அனுப்புகிற அக்கறையோடு இதையும் செய்யுங்கள்.

என் மகன் நான் போன அந்தச் சனிக்கிழமையே போனில் அந்தப் படிவத்தைத் திறந்து கையெழுத்திட்டான். நான் காரில் ஏறும்போது நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னான்: "மார்க்கப் பாத்துட்டு போன்ல கேக்காதம்மா. நேர்ல வா."