ராக்கெட் மலையும் ஷேர் ஆட்டோவும்

ஆனி பிறந்துவிட்டால் ராதாபுரம் பேருந்து நிலையத்தில் புகை நிற்பதில்லை. வள்ளியூர் பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பும்போது பின்னால் கக்குகிற கரும்புகையைக் காற்று அப்படியே வாரிக் கிழக்கே கொண்டு போகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, முப்பந்தலையும் காவல்கிணற்றையும் கடந்து வருகிற காற்று. வருகிற வழியில் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டுதான் வருகிறது. பூக்கார அம்மா கூடையின் மேல் ஈரச்சாக்கை இழுத்து விடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு நிற்கிற பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேருந்து வளைவில் மறைந்த பிறகே கையை எடுக்கிறார்கள். அதற்குள் அடுத்த பேருந்துக்காரர் ஸ்டார்ட் செய்துவிடுகிறார்.

டீக்கடையை ஒட்டி ஒரு ஷேர் ஆட்டோ. பின்சீட்டைத் தூக்கிவிட்டு ஓட்டுநர் குனிந்து நிற்கிறார். உள்ளே சிஎன்ஜி சிலிண்டர், அதன் கழுத்தில் ஒரு சின்ன அழுத்தமானி. கண்ணாடியில் படிந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டுகிறார். முள் லேசாக ஆடி ஐம்பதில் நிற்கிறது. நிறைந்திருந்தால் இருநூறு காட்ட வேண்டும்.

"அம்பதுக்கு வந்துட்டு. இனி நாலுவழிச் சாலைக்குப் போயி வரிசையில நிக்கணும்."

பக்கத்தில் டீ கிளாசோடு நிற்கிற பையன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறவன். பையிலிருந்து வரைபலகைக் கோல் எட்டிப் பார்க்கிறது. "இந்தக் கேஸ்லயே நூத்துக்குப் பதினெட்டுப் பங்கு ஹைட்ரஜனக் கலந்து டெல்லியில பஸ் ஓட்டிப் பாத்திருக்காவ அண்ணாச்சி. இன்ஜின மாத்தாண்டாம்."

"ஹைட்ரஜனா? அது அந்தா அங்க ராக்கெட்டுக்கு ஊத்துததுல்லா?"

கை மேற்கே போகிறது. மகேந்திரகிரி. 1,600 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் மேகம். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ஆட்டோக்காரர் சொன்னது சரி. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரியில் திரவமாகிற ஹைட்ரஜனை அங்கேதான் கையாள்கிறார்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேலடுக்கு இன்ஜினை அதற்கு முன் பிப்ரவரி 24 அன்று எரித்துப் பார்த்ததும் அங்கேதான்.

ஆட்டோக்காரருக்குத் தெரியாத ஒன்றும் அந்த மலையடியில் நடந்திருக்கிறது. 2013 ஜூலை 28 அன்று இஸ்ரோவும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய ஹைட்ரஜன் பேருந்தை அந்த வளாகத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள். கூரையில் உயர் அழுத்த உருளைகள். எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து மின்சாரம். பின்னால் வருவது தண்ணீர் மட்டும். நம் நாட்டுக் கிரையோஜெனிக் இன்ஜின் முதன்முதலாக விண்ணில் வெற்றி கண்டது 2014 ஜனவரியில். ராக்கெட்டுக்கும் முன்னால் பேருந்து ஓடிவிட்டது இந்த மண்ணில்! ஆனால் அது வளாகத்தின் வாசலைத் தாண்டி வள்ளியூருக்கோ ராதாபுரத்துக்கோ வரவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

வராததற்குக் காரணம் உண்டு. எரிபொருள் மின்கலப் பேருந்து என்றால் வண்டியே புதிது, விலையும் பெரிது. டெல்லி பிடித்த வழி வேறு. 2020 அக்டோபர் 20 அன்று ராஜ்காட் பணிமனையில் நாளொன்றுக்கு நாலு டன் ஹைட்ரஜன்-சிஎன்ஜி கலவை தயாரிக்கும் நிலையம் திறந்தார்கள். இந்தியன் ஆயில் அமைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய அரசு இந்தக் கலவையை வாகன எரிபொருளாக அறிவித்திருந்தது. ஏற்கனவே சிஎன்ஜியில் ஓடிக்கொண்டிருந்த ஐம்பது பேருந்துகளுக்கு அதை நிரப்பி ஆறு மாத ஓட்டத்துக்கு விட்டார்கள். வெறும் சிஎன்ஜியோடு ஒப்பிட்டால் கார்பன் மோனாக்சைடு 70 சதவீதம் வரை குறையும் என்பது இந்தியன் ஆயிலின் கணக்கு.

பையன் இப்போது தரையில் குந்தி, செங்கல் துண்டால் சிமெண்ட் மேடையில் ஒரு வட்டம் போடுகிறான். அது சிலிண்டர். நடுவில் ஒரு புள்ளி, ஸ்பார்க் பிளக். "மீத்தேன் மெதுவா எரியுத வாயு அண்ணாச்சி. இங்க தீ பிடிச்சா ஓரத்துக்குப் போய்ச் சேருததுக்குள்ள பிஸ்டன் கீழ இறங்கிரும். ஓரத்துல உள்ளது அரைகுறையா வெந்து சைலன்சர் வழியா வெளிய வந்துரும். ஹைட்ரஜன் தீ அத விடப் பல மடங்கு வேகம். கொஞ்சம் சேத்தா மொத்தத்தையும் இழுத்துட்டு எரிஞ்சிரும்."

நன்றாகவே சொல்கிறான். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும்; ஹைட்ரஜனோ 4 முதல் 75 வரை. அதனால் கலவையில் காற்றைக் கூட்டி, எரிவாயுவைக் குறைத்தாலும் இன்ஜின் திக்காது. ஒன்றை அவன் விட்டுவிட்டான். தீ வேகமாக எரிந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி, காற்றையும் கூட்டிவைத்தால்தான் அது அடங்கும். இன்ஜினை மாற்ற வேண்டாம், சரிதான். திருத்தி அமைக்கத் தெரிந்த கை வேண்டும்.

"வெடிக்காதா?"

ஆட்டோக்காரர் கேட்ட கேள்வியில் டீ ஆற்றுகிற கை கூட ஒரு கணம் நிற்கிறது. பையன், ஹைட்ரஜன் காற்றை விட மிக லேசு, கசிந்தால் மேலே பறந்துவிடும் என்கிறான். திறந்த வெளியில் உண்மை. மூடிய கொட்டகையில் அப்படி விட்டுவிட முடியாது. எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும் குணமும் ஹைட்ரஜனுக்கு உண்டு. கலவையைப் பதினெட்டோடு நிறுத்திக்கொண்டதில் இந்த எச்சரிக்கையும் இருக்கிறது.

ஆட்டோக்காரர் சீட்டை இறக்கிப் போட்டு அதன்மேல் உட்காருகிறார். "அப்போ அத எங்க இருந்து எடுப்பாவ?"

அவர் கேட்டதில் கேள்வியென்றால் இதுதான். டெல்லி நிலையத்தில் ஹைட்ரஜன் வந்தது இயற்கை எரிவாயுவிலிருந்தே. எரிவாயுவின் ஒரு பகுதியை நீராவியோடு வினைபுரியச் செய்து, அங்கேயே கலவையாக்கிவிடுகிறார்கள். தனியே ஹைட்ரஜன் வாங்கிக் கலக்கிற செலவு மிச்சம். தெருவில் நிற்கிற பிள்ளையின் மூச்சுக்கு அது நல்லது, சந்தேகமில்லை. வானத்துக்குப் போகிற கரியமில வாயு அதனால் பெரிதாகக் குறையாது. கன அளவில் பதினெட்டுப் பங்கு என்றாலும் ஆற்றலில் ஹைட்ரஜனின் பங்கு ஆறு சதவீதம்தான். அந்த ஆறும் எரிவாயுவிலிருந்தே வந்தால் பலன் தெருவோடு நின்றுவிடும்.

ராதாபுரத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை. தமிழ்நாட்டில் நட்ட காற்றாலைகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. அதில் பெரும்பங்கு இந்தத் தெற்கத்திச் சீமையில். ஆடியில் காற்று கொடிகட்டிப் பறக்கும்போது, வாங்கிக்கொள்ள இடமில்லை என்று ஆலைகளை நிறுத்தச் சொன்ன பருவங்களை இவ்வூர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் அது காற்றில் விளைந்த ஹைட்ரஜன்.

தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். நியாயம்தான், பேச்சிப்பாறைத் தண்ணீர் ராதாபுரம் கால்வாயில் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற வறண்ட மண் இது. கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் சுத்தமான தண்ணீர், ஐம்பது யூனிட்டுக்கு மேல் மின்சாரம். இந்த ஆட்டோவின் சிலிண்டரில் ஐந்து கிலோ கலவை பிடிக்கும் என்று வைத்தால் அதில் ஹைட்ரஜன் எடை நூற்று முப்பது கிராம் சொச்சம். தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், மின்சாரம் ஏழு யூனிட். ஒரு குடத் தண்ணீரில் பத்து ஆட்டோவுக்கான ஹைட்ரஜன். கூடங்குளம் அணுமின் நிலையம் தனக்கு வேண்டிய நன்னீரைக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5 அன்று பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலை ஒன்றைத் தொடங்கிவைத்தார்கள். மணிக்குப் பத்து கன மீட்டர். தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் ஏற்றவும் அது போகிறது. சிறிசுதான். இருந்தாலும் நம் பக்கத்து ஊரில் தொடங்கியிருக்கிறது. அடுத்தது வள்ளியூர் பணிமனையாக இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். ராத்திரி முழுக்கப் பேருந்துகள் அங்கே நிற்கின்றன, ராத்திரியிலும் காற்று அடிக்கிறது. டீசல் வண்டியை முதலில் சிஎன்ஜிக்கு மாற்ற வேண்டும். 2024லேயே சென்னையில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

உவரி போகிற இரண்டு பெண்கள் மீன்கூடையோடு ஏறுகிறார்கள். ஆட்டோக்காரர் கூடையை வாங்கிக் காலடியில் வைத்துவிட்டு, பையனைப் பார்த்துச் சொல்கிறார்:

"எல்லாம் சரி தம்பி. கிலோ என்ன விலைக்குத் தருவாவன்னு கேட்டுச் சொல்லு. இப்ப அடிக்கிறத விட ரெண்டு ரூவா கூடன்னாலும் எனக்குக் கட்டாது. அதே விலைன்னா நாளைக்கே அடிக்கேன்."