முன்னால் போகிறவரின் முதுகு

ஞாயிறு விடிகாலை அடையாறிலிருந்து ஈசிஆர் வழியாக முட்டுக்காடு வரை சைக்கிள். திரும்பும்போது மார்கழி வாடைக்காற்று நேராக முகத்தில் அடித்தது. நண்பர்கள் ஐந்து பேரும் முறை வைத்து முன்னால் போனோம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. வேர்வையில் சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த முதுகின் மறைவில் எனக்கு மிதிக்கிற பாரமே குறைந்துவிட்டது.

திருவான்மியூர் டீக்கடையில் பழைய வாக்குவாதம். 2012 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், லா டூசுவீர் மலை. முன்னேறிப் போன ஃப்ரூம், அணித்தலைவர் விக்கின்ஸுக்காக வேகத்தைக் குறைத்தார். “தெம்பு இருக்கிறவனைப் பிடிச்சு நிறுத்துறது அநியாயம்டா” என்றான் நண்பன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்ளும் அணித்தோழர்கள் இல்லாமல் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி யாருக்கும் கிடையாது.

அணிக்காக விட்டுக்கொடுப்பது நியாயம்தான்; ஊக்கமருந்து அப்படியல்ல. அது உடன் ஓடுகிறவனிடமே திருடுவது. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் என்று சைக்கிள் வீரர் ஆம்ஸ்ட்ராங் படத்தை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தவன் நான். அதே 2012-ல் ஊக்கமருந்துக்காக அவருடைய ஏழு டூர் பட்டங்களும் பறிபோனபோது, அந்தப் படத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கிழித்தேன். மருந்தே தொடாமல் மிதித்து எங்கோ பின்னால் வந்தவர்களை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு இடங்களும் இன்னும் காலியாகவே இருக்கின்றன.