பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்

போன மாசம் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு ஏழு பக்க ஒப்பந்தம் ஒன்றும் வந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எங்கள் பாத்திரத்தின் மீதான எல்லா உரிமைகளும், இன்று இருக்கிற, இனிக் கண்டுபிடிக்கப்படப் போகிற எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும் அவர்களுக்கே சேரும் எண்டு போட்டிருந்தது.

"என்ன மச்சான், செவ்வாய்க் கிரகத்திலயும் எங்கட ஆச்சிய ஓட விடப் போறாங்களோ?" எண்டு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு ஆளையாள் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தம்.

ஆச்சி ஆர் எண்டு சொல்ல வேணும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த கொமிக்ஸ் புத்தகத்தின் நாயகி, கிணத்தடி ஆச்சி. எழுபது வயது. ஒரு கிணத்துக் கட்டில் காதை வைத்தால் ஊரில் இருக்கிற மற்றக் கிணறுகளடியில் ஆர் என்ன கதைக்கிறார்கள் எண்டு அவவுக்குக் கேட்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் நிலத்தடித் தண்ணீர் ஓடுகிறது எண்டு பள்ளிக்கூடத்தில் படித்ததில் இருந்து வந்த யோசனை. பதினாறு பக்கம். போட்டோக்கொப்பி அடித்து 150 பிரதி. அதை ஒரு கம்பனி பார்த்திருக்கிறது. அனிமேஷன் தொடர் செய்யலாமாம். 60,000 ரூபா தருவார்களாம். கையெழுத்து மட்டும் வேணுமாம்.

எங்களுக்கு ஒப்பந்தம் வாசித்துப் பழக்கமில்லை. ஆனால் சுப்பர் ஹீரோ படம் பார்த்துப் பழக்கம் நிறைய. சின்னனில், தெருவில் ஒரு வீட்டில் கொம்பியூட்டர் இருந்தால் அங்கே பத்துப் பேர் நிலத்தில் இருந்து ஸ்பைடர்மேன் சீடி பார்த்த ஆக்கள் நாங்கள். 2012இல் முதலாவது அவெஞ்சர்ஸ் வந்தபோது எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்: நியூயோர்க்கையே உடைக்கிறாங்கள், அந்த ஊர்ப் பெடியன் ஸ்பைடர்மேன் எங்க போய்ட்டான்? ரியூசனால் வாற வழியெல்லாம் அதற்கு விதவிதமாகக் கதை கட்டினோம். உண்மையான விடை இதே மாதிரி ஒரு ஒப்பந்தத்துக்குள் இருந்தது எண்டு இப்பதான் தேடிப் பார்த்தம்.

தேடலை 1938இல் இருந்து தொடங்கினோம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்தில் ஜெரி சீகல் கதை எழுதினார், ஜோ ஷூஸ்டர் படம் கீறினார். இரண்டு பேருக்கும் அப்ப 23 வயது. சுப்பர்மேன் கதையின் 13 பக்கங்களுக்கு, பக்கத்துக்கு 10 டொலர் கணக்கில் 130 டொலர் கொடுத்தார்கள். பக்கக் கூலியோடு அந்தப் பாத்திரமும் முழுசாகப் போனது.

இதை முதலில் வாசிக்கிற எல்லாரும் "விசரன்களா?" எண்டுதான் கேட்பார்கள். நாங்களும் கேட்டம். ஆனால் அது அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்திருந்த காலம். பல பத்திரிகைக் கம்பனிகள் சுப்பர்மேனை வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பியிருந்தன. அந்தத் துறையில் எல்லாருக்கும் அதே மாதிரிப் பக்கக் கூலிதான். விசரில்லை, பசி.

1947இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். சுப்பர்மேன் திரும்பி வரவில்லை, படைத்தவர்கள் என்று போட்டிருந்த பெயர்களும் கதையில் இருந்து போயின. வருசங்கள் ஓட, ஷூஸ்டருக்குக் கண் பார்வை மங்கியது. சீகல் கந்தோர் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தார். சுப்பர்மேனைப் பெரிய செலவில் படமாக எடுக்கப் போகிறார்கள் எண்ட செய்தி வந்த பிறகு, 1975இல் சீகல் பத்திரிகைகளுக்கு எழுதினார். சக ஓவியர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். வார்னர் நிறுவனம் ஆளுக்கு வருசம் 20,000 டொலர் தரவும் பெயரைத் திரும்பப் போடவும் சம்மதித்தது. 1978இல் படம் வந்தபோது அவர்களின் பெயர் திரையில் இருந்தது. 37 வருசம் கழித்துக் கிடைத்த நீதி.

இன்னொரு விசயம். அந்த 130 டொலரும் சேர்த்து எழுதப்பட்ட 412 டொலர் காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தது. 160,000 டொலருக்குப் போனது. அவர்களுக்குக் காசு கொடுத்த கடதாசிக்கே அவ்வளவு விலை.

சரி, மார்வெலுக்கு வருவம். இதில் விற்றது ஒரு கம்பனி, ஆனால் காரணம் அதே பசிதான். 1985இல் ஸ்பைடர்மேன் படம் எடுக்கிற உரிமையை கனன் பிலிம்ஸ் என்ற கம்பனி 225,000 டொலருக்கு வாங்கியது. படம் வரவில்லை. உரிமை கை மாறிக் கை மாறி, ஜேம்ஸ் கமரூன் வரைக்கும் போய், பிறகு நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டது. இதற்கிடையில் 1996 டிசம்பரில் மார்வெலே வங்குரோத்து. காசு வேணும், கையில் இருக்கிறது பாத்திரங்கள் மட்டும்தான். எக்ஸ்-மென் ஏற்கனவே ஃபொக்ஸிடம் போய்விட்டது. மிச்சத்தையும் துண்டு துண்டாக விற்றார்கள். ஸ்பைடர்மேன் 1999இல் சோனியின் கைக்குப் போனது. அதற்காக சோனிக்கும் எம்.ஜி.எம்.முக்கும் நடந்த பண்டமாற்று இன்னும் விசேசம்: ஜேம்ஸ் பொண்டில் எனக்கும் பங்கிருக்கு எண்டு சோனி சொல்லிக்கொண்டிருந்ததை விட்டது, ஸ்பைடர்மேனில் எனக்கும் பங்கிருக்கு எண்டு எம்.ஜி.எம். சொல்லிக்கொண்டிருந்ததை விட்டது.

ஹொலிவுட் வியாபாரத்தைப் பற்றி எழுதுகிற பென் ஃபிரிட்ஸ் தன் புத்தகத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அந்த நேரம் மார்வெல் தன்னிடம் மிச்சமிருந்த கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரங்களையும் 25 மில்லியன் டொலருக்கு சோனியிடம் நீட்டியதாம். மற்றவர்களை ஆர் பார்ப்பான், ஸ்பைடர்மேன் மட்டும் போதும் எண்டு சோனி சொல்லிவிட்டதாம். அந்த "மற்றவர்களில்" பிளக் பாந்தரும் இருந்தார், தோரும் இருந்தார். 2002இல் வந்த முதல் ஸ்பைடர்மேன் படம் மட்டும் உலகம் முழுக்க 800 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. நாங்கள் நிலத்தில் இருந்து பார்த்த சீடி அதுதான்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு விசயம் விளங்கத் தொடங்கியது. சீகலின் கடதாசிக்கும் மார்வெலின் கடதாசிக்கும் பெரிய வித்தியாசம் விலையில் இல்லை. மார்வெலின் ஒப்பந்தங்களில் மணிக்கூடு இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் பாத்திரம் சொந்த வீட்டுக்குத் திரும்பி வரும்.

அந்த மணிக்கூடு எவ்வளவு சக்தியானது எண்டதுக்கு பன்டாஸ்டிக் ஃபோர் ஒரு உதாரணம். அதன் உரிமையை வைத்திருந்த ஜேர்மன் தயாரிப்பாளர் பேர்ன்ட் ஐகிங்கருக்கு 1992 முடிவில் காலம் முடியப்போகிறது. அவர் குறைந்த செலவுப் படங்களுக்குப் பேர்போன ரொஜர் கோர்மனோடு சேர்ந்து, கிட்டத்தட்ட ஒரு மில்லியன் டொலரில், அந்த வருசக் கடைசி நாட்களில் அவசர அவசரமாகப் படப்பிடிப்பைத் தொடங்கினார். படம் முடிந்தது. நடிகர்கள் விளம்பரத்துக்கும் அலைந்தார்கள். படம் வெளிவரவே இல்லை. உரிமை தப்பியது, உழைச்ச சனத்துக்குத்தான் ஒண்டும் மிஞ்சவில்லை.

சோனியும் அதே மணிக்கூட்டைப் பார்த்துத்தான் ஓடியது. 2014இல் சோனியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் வெளியில் விட்ட ஆவணங்களில் ஒப்பந்தம் தெரிந்தது. ஒரு ஸ்பைடர்மேன் படம் வெளியாகி 3 வருசம் 9 மாசத்துக்குள் அடுத்ததன் படப்பிடிப்பு தொடங்க வேணும், 5 வருசம் 9 மாசத்துக்குள் வெளியிட வேணும். ஏன் ஸ்பைடர்மேன் படங்கள் இப்படி விடாமல் வருகுது எண்டு கேட்கிற ஆக்களுக்கு இதுதான் விடை.

மற்றப் பக்கம், மணிக்கூடு ஓடி முடிந்து திரும்பி வந்த பாத்திரங்கள்தான் மார்வெலைத் தூக்கி நிறுத்தின. அயன்மேன் மூன்று ஸ்டூடியோக்களில் சும்மா கிடந்துவிட்டு 2005 அளவில் வீடு வந்தார். அதே வருசம் மார்வெல், கப்டன் அமெரிக்கா உட்படப் பத்துப் படைப்புகளின் பட உரிமையை ஈடு வைத்து, மெரில் லிஞ்ச்சிடம் 525 மில்லியன் டொலர் கடன் ஏற்பாடு செய்தது. எங்கட அம்மாமார் நகையை அடைவு வைக்கிறது மாதிரித்தான். 2008இல் அயன்மேன் ஓடியது. 2009இல் டிஸ்னி மார்வெலை ஏறக்குறைய 4 பில்லியனுக்கு வாங்கியது. 2019இல் ஃபொக்ஸையே 71 பில்லியன் டொலருக்கு வாங்கியதோடு எக்ஸ்-மென்னும் திரும்பி வந்தார்கள்.

நடுவில் நடந்த கூத்துகள் தனி. குயிக்சில்வர் என்ற ஒரே பாத்திரம் 2014இல் ஃபொக்ஸ் படத்தில் ஒரு நடிகராகவும் 2015இல் மார்வெல் படத்தில் இன்னொரு நடிகராகவும் வந்தது. மார்வெல் படத்தில் "மியூட்டன்ட்" எண்ட சொல்லைச் சொல்ல முடியாது, அது ஃபொக்ஸின் காணி. டெட்பூல் படத்தில் ஒரு பாத்திரத்தின் சக்தியை மாற்ற ஃபொக்ஸ் அனுமதி கேட்க, பதிலுக்கு ஈகோ என்ற கிரகப் பாத்திரத்தை மார்வெல் வாங்கிக்கொண்டது. 2015இல் சோனியும் டிஸ்னியும் கை குலுக்கியபடியால்தான் 2016இல் சிவில் வோர் படத்தில் ஸ்பைடர்மேன் வந்து குதித்தார். பத்து வயதில் நாங்கள் கட்டின கதைகள் எல்லாம் பிழை. அவர் வராததுக்கு வில்லன் ஆரும் காரணமில்லை, பேனைதான்.

ஆனால் ஒன்று. மார்வெலுக்குப் பாத்திரங்கள் திரும்பி வந்தன எண்டு சந்தோசப்படும்போது, அதைக் கீறின கைகளுக்கு என்ன வந்தது? எக்ஸ்-மென், பன்டாஸ்டிக் ஃபோர், ஹல்க் எல்லாம் உருவாகக் காரணமான ஜக் கேர்பி 1994இல் இறந்துவிட்டார். அவரின் பிள்ளைகள் 2009இல் உரிமையைத் திரும்பக் கேட்டார்கள். அது கூலிக்குச் செய்த வேலை, ஆனபடியால் கம்பனிக்கே சொந்தம் எண்டு நீதிமன்றங்கள் சொல்லின. வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்குமா எண்டு முடிவாகிற நேரத்தில், 2014 செப்டெம்பரில் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டன. கம்பனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் மணிக்கூடு இருக்கும். கம்பனிக்கும் கலைஞருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் "என்றென்றைக்கும்" இருக்கும்.

இவ்வளவும் வாசிச்ச பிறகு எங்களில் மூன்று பேர் வீரமாக "சைன் வைக்கக் கூடாது" எண்டம். ஆச்சியைக் கீறுகிற தோழி மட்டும் ஒண்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தால் சொன்னாள்: "எனக்கு ரெண்டு மாச போடிங் காசு குடுக்கக் கிடக்கு. நீங்கள் மூண்டு பேரும் வீட்டில இருந்து கம்பசுக்குப் போறியள்."

எங்களுக்கு முகத்தில் அடிச்ச மாதிரி இருந்தது. அந்த 60,000இல் பாதி அவளுக்கு எண்டு ஏற்கனவே பேசியிருந்தோம். சீகலுக்காக அனுதாபப்பட்ட நாங்கள், பக்கத்தில் இருக்கிற சீகலை மறந்திட்டம். பசியில் இருக்கிற ஒருத்திக்குக் கொள்கை கதைக்கிறது லேசு.

சட்டம் படிச்ச அக்கா ஒருத்தரிடம் போனோம். அவ வாசிச்சிட்டு அமைதியாகச் சொன்னா: "விக்கிறதா இல்லையா எண்டு மட்டும் யோசிக்காதேங்கோ. எதை, எவ்வளவு காலத்துக்கு எண்டு கேளுங்கோ." எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்டு ஒன்று இருக்கிறது. கீறின ஆளின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருசமும் பதிப்புரிமை இருக்கும். பொருளாதார உரிமை ஒன்று, படைத்தவர் எண்ட பெயருக்கான உரிமை இன்னொன்று, இரண்டும் வேறு வேறு. கையெழுத்துப் போட்ட எழுத்தில்தான் உரிமை கை மாறும். அப்ப அந்த எழுத்தில் என்ன இருக்க வேணும் எண்டு நாங்களும் சொல்லலாம்.

மூன்று திருத்தம் எழுதினோம். அனிமேஷன் உரிமை மட்டும், கொமிக்ஸ் எங்களோடு. ஒவ்வொரு அத்தியாயத்திலும் எங்கள் பெயர். ஐந்து வருசத்துக்குள் தொடர் வெளிவராவிட்டால் ஆச்சி வீட்டுக்கு வருவா.

பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் தோழி எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு மின்னஞ்சல் வந்தது. முதல் இரண்டும் சரியாம். மூன்றாவதுக்கு ஏழு வருசமாம், ஆனால் காசு 35,000தான்.

மணிக்கூட்டின் விலை 25,000 ரூபா. அதை ஆர் கட்டுறது எண்டதுதான் அண்டைக்கு எங்கள் முன் இருந்த கேள்வி. நாங்கள் மூன்று பேரும் எங்கள் பங்கை விட்டோம். பேசினபடி 30,000 அவளுக்கு. மிச்சம் 5,000 ஆச்சியின் இரண்டாவது புத்தகத்துக்குப் போட்டோக்கொப்பிக் காசு. தியாகம் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். "சைன் வைக்காத" எண்டு சொன்ன வாய்க்கு அதுதான் நியாயமான கட்டணம்.

போன வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சம். "பிரபஞ்சம் முழுவதும்" எண்ட சொல்லை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. பரவாயில்லை, செவ்வாயில் ஏழு வருசம் ஓடட்டும்.

எழுதுகிற, கீறுகிற, பாட்டுக் கட்டுகிற உங்களில் ஆருக்காவது நாளைக்கு இப்படி ஒரு கடதாசி வரலாம். காசு எவ்வளவு எண்டு பார்ப்பீர்கள், பார்க்கத்தான் வேணும். அதுக்குப் பிறகு, எப்ப திரும்பி வரும் எண்ட வரி எங்க இருக்கு எண்டு தேடுங்கோ. இல்லாவிட்டால் கேளுங்கோ. கேட்கும்போது, உங்களுக்குள் ஆருக்குக் காத்திருக்க முடியாது எண்டதையும் பாருங்கோ.

2032 மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பம். ஆச்சி காதைக் கிணத்தில் வைச்சபடிதான் இருக்கிறா.