தோட்டத்துத் தச்சர் வளைக்கும் செங்கால்

சம்பானின் விளிம்பைச் சுற்றி ஓடும் சட்டம்தான் ஜெட்டியில் இடிபடுகிறது, வலை உரசித் தேய்கிறது. திருகாணி துருப்பிடித்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, உள்ளிருந்தே மரம் உளுத்துப்போகிறது. கோலா லிங்கியில் நான் பார்த்த சம்பானின் சட்டத்தை விரலால் அழுத்தினால் தூளாக உதிர்ந்தது.

அதைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர், அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தச்சராக இருந்தவர். லயத்துக் கதவு, ஆபீஸ் ஜன்னல், கோயில் தேரின் சக்கரம் எல்லாம் அவர் கைவேலை. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியான பிறகு படகுப் பக்கம் வந்தார்.

"பால்மரக் கட்டையில போட்டா என்னங்கய்யா?" என்று கேட்டேன்.

"நாற்காலிக்கு ஆகும் தம்பி. தண்ணிக்கு ஆகாது. பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும்."

கோலா லிங்கி இருக்கும் இந்த மாநிலத்தில்தான் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த மரத்தை நம்பித்தான் வாழ்ந்தன. படகுக்கோ, கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள செங்கால் மரம்தான் வேண்டும். திரெங்கானுவின் பூலாவ் டுயோங்கில் செங்கால் பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பார்கள். வரைபடம் கிடையாது. பலகையை முதலில் கோத்து, வங்குக்கட்டையைப் பிறகு பொருத்துவார்கள்.

நம் பெரியவரோ ஆவியில் வேகவைக்கிறார். நீளமான பலகைப் பெட்டி, அடியில் கொதிக்கும் தண்ணீர்த் தகரம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. சூளையில் காய்ந்த மரத்தைத் தொடமாட்டார், ஈரம் முழுக்க வற்றியது முறியும் என்கிறார். ரேகை நேராக ஓடுகிறதா என்று சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். வேலையில் பாதி அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடுகிறது.

பெட்டி திறந்ததும் பேச்சு நின்றது. கையுறையோடு சட்டத்தை உருவி, அணியத்தில் ஒரு கிளாம்பு. படகுக்காரர் மறுமுனையைத் தாங்கிக்கொண்டு நடக்க, அடுத்த கிளாம்பு, அதற்கடுத்தது. சூடு சில விநாடிகளில் இறங்கிவிடும். வெந்த மரம் நசுங்க ஒத்துக்கொள்ளும், இழுபட ஒத்துக்கொள்ளாது. அதனால் விரிசல் விட்டால் வெளிமுகத்தில்தான் விடும். பெரியவரின் கட்டைவிரல் அந்த வெளிமுகத்தை விட்டு அகலவே இல்லை. வளைவு அதிகமான இடத்தில் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே வளைத்தார். கிளாம்பைக் கழற்றினால் மரம் கொஞ்சம் நிமிரும்.

"பெலான், பெலான், பாக் சிக்," என்றார். படகுக்காரர் நடையைக் குறைத்தார்.

இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் கழற்றி, உட்புறம் பசை பூசி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் முடுக்குவார்.

பால் வெட்டியவர்களைப் பற்றி நம்மவர்கள் கதையாக, கவிதையாக, வரலாறாக நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். தோட்டத்துத் தச்சருக்கு அதில் ஒரு பக்கமாவது கிடைத்திருக்க வேண்டும். எந்த மரம் எதற்கு ஆகும், எவ்வளவு வெந்தால் வளையும் என்ற அறிவெல்லாம் இவரைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ள இவர்கள் இருக்கும்போதே போக வேண்டும்.

வலப்பக்கம் முடிந்துவிட்டது. இடப்பக்கத்துக்கு நேர்ரேகைச் செங்கால் இன்னும் அமையவில்லை. அலோர் காஜா மரக்கடையில் சொல்லிவைத்திருக்கிறார்.